புல்லெட் என்றால் வெடைக்கோழி

கேள்வி: குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் பதினைந்து நாட்டுக்கோழி, நாலு வாத்து இருக்கின்றன. இன்னும் ஐம்பது குஞ்சு வாங்கலாம் என்று ஒரு குஞ்சுப் பண்ணையில் விலை கேட்டேன். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய பட்டியலில் புல்லெட், காக்கரல், ஸ்ட்ரெய்ட் ரன் என்று மூன்று விலை போட்டிருந்தது. எது என்னவென்று புரியவில்லை, திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதே வாரம் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், பறவைகளின் ஆண், பெண், குஞ்சுக்கான ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அதில் புல்லெட்டும் இல்லை, காக்கரலும் இல்லை. கேண்டர், காப், பென் என்று நான் கேட்டேயிராத பெயர்கள்தான் இருந்தன. “காக்காவுக்கும் கிளிக்கும் ஏம்மா பேர் இல்ல?” என்று வேறு கேட்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்க முடியுமா டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரி,

விலைப்பட்டியலை முதலில் பார்த்துவிடுவோம். பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது அதுதான். புல்லெட் என்பது நம் வெடைக்கோழி, இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத இளம் பெட்டை. காக்கரல் என்பது ஒரு வயது ஆகாத இளம் சேவல். ஸ்ட்ரெய்ட் ரன் என்றால் ஆண், பெண் பிரிக்காமல் பொரித்தது பொரித்தபடி எண்ணித் தருவது. அதில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும். ஆனாலும் ஐம்பதில் சரியாக இருபத்தைந்து பெட்டை வரும் என்று கணக்குப் போடாதீர்கள். முப்பது சேவலும் இருபது பெட்டையுமாக வந்தாலும் அது பண்ணைக்காரர் செய்த தவறு ஆகாது.

முட்டைக்காகத்தான் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் புல்லெட் கேளுங்கள். கறிக்கும் முட்டைக்கும் சேர்த்து என்றால் ஸ்ட்ரெய்ட் ரன் போதும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலை வைத்துக்கொண்டு மீதிச் சேவல்களை விற்றுவிடலாம். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் வேண்டுதலுக்கு நம் பக்கத்தில் வீடு தேடி வந்து சேவல் கேட்பார்கள். காக்கரலை மட்டும் வாங்குவது கறிக்கென்று வளர்ப்பவர்கள். முட்டைக்கோழி இனங்களில் காக்கரல் விலை குறைவாக இருக்கும். அந்த விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, மாதக்கணக்கில் தீனி போட்டு முட்டைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த நஷ்டம் உங்களுக்கு வரக்கூடாது. பண்ணைக்காரரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

ஒரு நாள் குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று எப்படிப் பிரிக்கிறீர்கள் என்றும் அவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு வழிதான். சில கலப்பின முட்டைக்கோழிகளில் இறக்கைச் சிறகு முளைக்கும் வேகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறாக இருக்கும்படி தாய் தந்தையைத் தேர்ந்து சேர்த்திருப்பார்கள். குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு வழி, குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்ல விரித்து உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு வித்தியாசத்தைப் பார்ப்பது. ஜப்பானில் 1920களில் உருவான முறை அது. அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்களால்தான் முடியும். பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும். நம் நாட்டுக்கோழிக் குஞ்சில் இறக்கையைப் பார்த்துச் சொல்வதை நம்ப முடியாது. ஆகவே ஒரு நாள் வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சை புல்லெட் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், யார் பிரித்தது, எப்படிப் பிரித்தது என்று தெரிந்துகொண்டு பணம் கொடுங்கள்.

ஆறு, எட்டு வாரக் குஞ்சாக வாங்கினால் நீங்களே பார்த்து எடுக்கலாம். அந்த வயதில் சேவலுக்குக் கொண்டை பெரிதாகிச் சிவக்கத் தொடங்கியிருக்கும். பெட்டைக்குச் சின்னதாக, வெளிறி இருக்கும். மூன்று மாதம் ஆகிவிட்டால் சந்தேகமே வராது. சேவலின் கழுத்திலும், முதுகில் வாலுக்கு முன்னாலும், இறகுகள் நீண்டு நுனி கூராக இருக்கும். பெட்டைக்கு அதே இடத்து இறகுகளின் நுனி உருண்டு இருக்கும். வெடைக்கோழி முட்டைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, கொண்டை நன்றாகச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வாலுக்குக் கீழே இருக்கும் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் முட்டைக்குத் தயார்.

நீளமான முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப் பார்த்து அடை வைக்காதீர்கள், வீண் வேலை. முட்டையின் வடிவம் கோழியின் முட்டைக்குழாயில் உருவாவது, உள்ளே வளரும் உயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறது. சேவலிடம் இருப்பது இசட், இசட் என்ற ஒரே மாதிரிக் குரோமோசோம் ஜோடி. கோழியிடம் இருப்பது இசட், டபிள்யூ. கோழி தன் முட்டையில் இவ்விரண்டில் எதை வைக்கிறதோ அதைப் பொறுத்துக் குஞ்சு ஆணாகவோ பெண்ணாகவோ பிறக்கும். மனிதர்களில் இது நேர் எதிர், அங்கே தந்தையின் உயிரணுதான் முடிவு செய்கிறது. பெண் குழந்தை பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்லும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

வளர்ந்த குஞ்சாக வாங்கினால் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள். முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. இந்த நோய்க்கு ராணிக்கெட் என்று இன்னொரு பெயர் உண்டு. நம் ராணிப்பேட்டைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, அது இமயமலைப் பக்கம் உத்தரகண்டில் இருக்கும் ஊர். ஆனால் அந்த நோய்க்கான தடுப்பு மருந்து நம் ராணிப்பேட்டையில் உள்ள அரசு கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது குஞ்சும் ஒரே வாரத்தில் போய்விடக்கூடிய நோய் அது.

சரி, இனி உங்கள் மகளின் பாடம்.

கோழிக்கு அவள் படித்தது காக், ஹென், சிக் என்று இருக்கும். சில புத்தகங்களில் காக் இருக்கும் இடத்தில் ரூஸ்டர் என்று இருக்கும். இரண்டும் சேவல்தான். காக் என்பது இங்கிலாந்து வழக்கு. அந்தச் சொல்லுக்கு ஒரு கொச்சைப் பொருளும் வந்து சேர்ந்ததால் அமெரிக்காவில் ரூஸ்டர் என்று சொல்லத் தொடங்கினார்கள். குஞ்சு சிக், சிக்கன் என்று எழுதினால் தவறு. சிக்கன் என்பது கோழி இனத்துக்கும் அதன் கறிக்கும் உள்ள பெயர். லேயர், பிராய்லர் என்று நாம் தினமும் கேட்கும் பெயர்கள் அவள் பட்டியலில் வராது. லேயர் முட்டைக்கென்றும் பிராய்லர் கறிக்கென்றும் உருவாக்கிய வகைகள். பிராய்லரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

காக்காவுக்கும் கிளிக்கும் ஏன் பெயர் இல்லை என்று கேட்டாளே, அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, குஞ்சுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெயர் எந்தப் பறவைக்கு இருக்கிறதோ, அது பெரும்பாலும் மனிதன் வளர்த்த பறவை, அல்லது வேட்டையாடித் தின்ற பறவை. வளர்ப்பவனுக்குத்தான் ஆண் எது, பெண் எது, முட்டைக்கு வந்தது எது, கறிக்கு ஆனது எது என்று பிரித்துச் சொல்லும் அவசியம் இருந்தது. கோழிதான் அவனுக்கு ரொம்பப் பழக்கம், அதனால் கோழிக்கு மட்டும் இத்தனை பெயர். விதை நீக்கிக் கறிக்குக் கொழுக்க வைத்த சேவலுக்குக்கூட கேப்பன் என்று ஒரு பெயர் இருக்கிறது. வள்ளிமலையில் தினைப்புனம் காத்த வள்ளி ஆலோலம் பாடி விரட்டிய பறவைகளில் ஆண், பெண் பிரித்துப் பார்க்க அவளுக்கு என்ன அவசியம்? கதிரைக் கொத்த வந்தால் எல்லாமே விரட்ட வேண்டியதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலைப் படித்தால் மனப்பாடம் செய்யும் பாரம் பாதி குறைந்துவிடும்.

வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் டிரேக், பெண் டக், குஞ்சு டக்லிங். பெண்ணின் பெயரே இனத்துக்கும் பெயராக இருப்பதைக் கவனியுங்கள். ஒரு டிரேக்குக்கு ஐந்தாறு பெண் என்று வைத்து வளர்ப்பதால், குளத்தில் கண்ணில் படுவதெல்லாம் அநேகமாகப் பெண் வாத்துதான். உங்களிடம் இருக்கும் நாலில் எத்தனை டிரேக் என்று மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உரக்க “க்வாக் க்வாக்” என்று கத்துவது பெண். ஆணுக்குக் குரல் கட்டினாற்போல் கரகரவென்று மெதுவாகத்தான் வரும். வளர்ந்த ஆணின் வால் மேல் ஓரிரு இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அவள் இப்படி ஒருமுறை பார்த்துவிட்டால் டிரேக் என்ற சொல்லை மறக்கமாட்டாள். கோழி அடையில் வாத்து முட்டை வைப்பதாக இருந்தால் இன்னொரு விஷயம்: கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே அடையில் கலந்து வைத்தால், கோழிக்குஞ்சு பொரிந்ததும் தாய் எழுந்து போய்விடும்.

கூஸ் என்பதில்தான் நம் பிள்ளைகள் குழம்புகிறார்கள், ஏனென்றால் நாம் டக்கையும் கூஸையும் வாத்து என்றே சொல்கிறோம். தோட்ட வீடுகளில் காவலுக்கு வளர்ப்பார்களே, கழுத்து நீண்ட பெரிய வாத்து, புது ஆள் வந்தால் கத்திக்கொண்டு விரட்டுமே, அதுதான் கூஸ். அதில் ஆண் கேண்டர், பெண் கூஸ், குஞ்சு காஸ்லிங். ஒன்றுக்கு மேல் இருந்தால் கீஸ். இதிலும் பெண்ணின் பெயர்தான் இனத்தின் பெயர்.

காப், பென், சிக்னெட் மூன்றும் ஸ்வான் பறவைக்கு உரியவை, ஆண், பெண், குஞ்சு என்ற வரிசையில். புத்தகத்தில் அன்னம் என்று போட்டிருப்பார்கள். அது நம் ஊர்ப் பறவை இல்லை, அவள் ஏரியில் தேடினால் கிடைக்காது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஸ்வானை விருந்துக்காக வளர்த்தார்கள், சொத்தாகவே எண்ணிக் காத்தார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலையிலும் தேம்ஸ் ஆற்றில் அரச மரபுப்படி ஸ்வான்களையும் அவற்றின் குஞ்சுகளையும் எண்ணுகிறார்கள். அவ்வளவு கவனித்த பறவைக்கு மூன்று பெயர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

வான்கோழி டர்க்கி. அமெரிக்காவில் ஆணை டாம் என்றும், இங்கிலாந்துப் பண்ணைகளில் ஸ்டாக் என்றும் சொல்வார்கள். பெண் ஹென், குஞ்சு போல்ட். போல்ட், புல்லெட், பௌல்ட்ரி மூன்றும் ஒரே பிரெஞ்சு வேரிலிருந்து வந்தவை, மகளுக்குச் சொல்லுங்கள். கினிக்கோழிக் குஞ்சுக்கு கீட் என்று பெயர்.

மயிலுக்கு ஆண் பீகாக், பெண் பீஹென், குஞ்சு பீசிக். இனத்துக்கு பீஃபவுல் என்று ஒரு பெயர் இருந்தும் அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. தோகையின் அழகால் ஆணின் பெயரே எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது. நம் மொழியிலும் மயிலுக்குத் தனி மரியாதை உண்டு. சிறகுள்ள எல்லா ஆணையும் சேவல் என்று சொல்லலாம், மயிலை மட்டும் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியத்தின் மரபியல் சொல்கிறது. பறவைக் குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற இரண்டு பெயரையும் அதே மரபியல் தருகிறது. கிளிப்பிள்ளை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பிள்ளைதான். ஆங்கிலம் பறவைக்கு ஒரு பெயராகப் பிரித்து வைத்ததை நம்மவர்கள் எல்லாப் பறவைக்கும் பொதுவாக வைத்தார்கள். மகள் ஆங்கிலப் பெயர்களைப் படிக்கும்போது சேவல், பேடை, பார்ப்பு என்ற இவற்றையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். மயில் பற்றி ஓர் எச்சரிக்கை: காட்டோர நிலத்தில் மயில் முட்டை கிடைத்தால் பிள்ளைகள் எடுத்து வந்து கோழி அடையில் வைப்பார்கள். அதைச் செய்யவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலை வளர்ப்பதும் அதன் முட்டையை எடுப்பதும் குற்றம்.

புறாவில் காக், ஹென் போதும், குஞ்சுதான் வித்தியாசமானது. கூட்டில் கிடக்கும் குஞ்சு ஸ்க்வாப். கொஞ்சம் வளர்ந்து கூட்டைவிட்டு வெளியே வந்ததைப் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் ஸ்க்வீக்கர் என்பார்கள். கோழிக்குஞ்சு பொரிந்த அன்றே ஓடித் தானாகக் கொத்தும். ஸ்க்வாப் அப்படியில்லை, தாய் தந்தை இரண்டும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டினால்தான் பிழைக்கும்.

வல்லூறு, இராஜாளி போன்ற ஃபால்கன்களில் பெண்தான் ஆணைவிடப் பெரியது, வேட்டைக்கு நல்லது. வளர்த்துப் பழக்கியவர்கள் பெண்ணுக்குத்தான் ஃபால்கன் என்ற பெயரையே கொடுத்தார்கள். ஆணுக்கு டியர்சல் என்று வேறு பெயர், கூட்டிலிருந்து எடுத்த குஞ்சுக்கு ஐயஸ். இவை ஆறாம் வகுப்புக்கு வராது, அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அவ்லெட் என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. ஆந்தைக் குஞ்சுக்கு அவ்லெட் என்று பட்டியலில் இருக்கும், அது சரிதான். ஆனால் உங்கள் வீட்டுப் புளியமரப் பொந்தில் ஜோடியாக உட்கார்ந்து கீச்சென்று சண்டைபோடும் புள்ளி ஆந்தைக்கு ஆங்கிலப் பெயரே ஸ்பாட்டட் அவ்லெட். அது குஞ்சு இல்லை, முழுதாக வளர்ந்த சிறிய ஆந்தை.

இனி காக்காவும் கிளியும். இவற்றை யாரும் முட்டைக்கோ கறிக்கோ வளர்க்கவில்லை, அதனால் தனிப் பெயர் பிறக்கவில்லை. பறவை ஆராய்ச்சி செய்பவர்கள் மேல், ஃபீமேல் என்றே எழுதுகிறார்கள். மேல் க்ரோ, ஃபீமேல் க்ரோ, குஞ்சுக்கு சிக் என்று அவள் எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்கக்கூடாது. கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் மட்டும் கிளியையும் காக், ஹென் என்பார்கள். ஆனால் நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதும் அதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அவளுக்கு ஆசை இருந்தால் கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ் ஜோடியில் பார்க்கட்டும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பட்ஜிதான். மூக்குத் துளையைச் சுற்றி இருக்கும் தசை, வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். வெள்ளை, மஞ்சள் நிறப் பட்ஜிகளில் இது சில நேரம் ஏமாற்றும்.

பெயர் இல்லாத பறவைகளில் ஆண், பெண் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. சிட்டுக்குருவியில் தொண்டையில் கறுப்பு இருப்பது ஆண். குயிலில் ஆண் கன்னங்கரேலென்று இருக்கும், பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். இரண்டையும் வேறு வேறு பறவை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சித்திரையில் மாமரத்திலிருந்து கூவுவது ஆண் குயில். பெண் குயில் “கிக் கிக் கிக்” என்று வேகமாகக் கத்தும், காக்கையின் கூட்டில் முட்டையிடுவது அதுதான்.

ஒன்றை மட்டும் மகள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும், பள்ளியில் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. குஞ்சின் பருவங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று பெயர் உண்டு. முட்டையிலிருந்து வந்த புதிதில் ஹேட்ச்லிங், கூட்டில் கிடந்து ஊட்டம் வாங்கும் வரை நெஸ்ட்லிங், சிறகு முளைத்துப் பறக்கப் பழகுகிறபோது ஃப்ளெட்ஜ்லிங். எந்தக் காட்டுப் பறவைக்கும் இவை பொருந்தும். வாசலில் மைனாக் குஞ்சோ காக்கைக் குஞ்சோ கிடந்தால் இந்தப் பெயர்கள் உதவும். இறகு முளைக்காத நெஸ்ட்லிங் என்றால், கூடு கைக்கு எட்டினால் மெதுவாக எடுத்துக் கூட்டில் வைத்துவிடலாம். மனிதர் கை பட்டதால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது உண்மையில்லை. இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கும் ஃப்ளெட்ஜ்லிங் என்றால் அது தொலைந்துபோன குஞ்சு இல்லை. தாய் பக்கத்து மரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பூனையும் நாயும் வராமல் பார்த்துக்கொண்டு, தேவையானால் ஒரு தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளி வந்துவிடச் சொல்லுங்கள். வாயில் சோறோ பாலோ ஊற்ற வேண்டாம்.